வெடித்த விண்மீனின் எச்சத்தைப் படிப்பது எப்படி? கசியோப்பியா ஏ-வில் ஒரு தொடக்கப் பயிற்சி

வெடிக்கிற விண்மீன்கள் இப்போதெல்லாம் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் கண்டுபிடிக்கப்படுகின்றன. ஆனால் அவை எல்லாமே வேறு விண்மீன் மண்டலங்களில் நடப்பவை. எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அங்கே தெரிவது ஓர் ஒளிப்புள்ளிதான். அந்தப் புள்ளி எவ்வளவு வேகமாகப் பிரகாசமானது, எப்படி மங்கியது என்று அளக்கலாம், நிறமாலை எடுக்கலாம். ஆனால் விண்மீனின் எந்தப் பக்கம் வேகமாகத் தெறித்தது, ஆழத்தில் இருந்த இரும்பு எங்கே போனது, வெடிப்பு உருண்டையாக நடந்ததா கோணலாக நடந்ததா என்று ஒரு புள்ளியிடம் கேட்டுப் பதில் வாங்குவது மிகவும் சிரமம்.

பால்வழியில் நிலைமை நேர்மாறு. இங்கே 1604-க்குப் பிறகு வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த சூப்பர்நோவா, அதாவது விண்மீன் வெடிப்பு, ஒன்றுகூட இல்லை. ஆனால் பழைய வெடிப்புகளின் எச்சங்கள் ஏறத்தாழ 300 இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் என்ன தனிமம் இருக்கிறது, எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்க முடியும். வெடிப்பு எப்படி நடந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது அரிது.

இதற்கான தரவுகள் பெரும்பாலும் இலவசமாகப் பொதுவில் கிடைக்கின்றன. ஒரு சுமாரான கணினி, இணைய இணைப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் மூன்றும் இருந்தால் இந்த வாரமே தொடங்கிவிடலாம். வழி நெடுக ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள்: நான் பார்க்கும் இந்த வடிவம் வெடிப்பின் வேலையா, சுற்றுப்புறத்தின் வேலையா? இந்தத் துறையில் பாதிச் சண்டை இந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

1. வயது குறைந்த எச்சத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் அழகான படத்தைப் பார்த்து எச்சத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேலா எச்சம், சிக்னஸ் வளையம் இரண்டும் கண்ணைப் பறிக்கும். ஆனால் வேலாவுக்குச் சுமார் 11,000 வயது. வானத்தில் அது முழுநிலவைப்போல் பதினாறு மடங்கு அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது. வெடித்த விண்மீன் வீசிய பொருளைவிட, போகிற வழியில் வாரிக்கொண்ட வாயு பல மடங்கு அதிகமாகிவிட்டது. அந்த வயதில் ஓர் எச்சம் தன் வெடிப்பைப் பற்றிச் சொல்வது குறைவு, தன் அக்கம்பக்கத்தைப் பற்றிச் சொல்வதுதான் அதிகம்.

அதனால் ஏறத்தாழ ஆயிரம் வயதுக்கு மேற்படாததாகப் பாருங்கள். 1006-லும் 1054-லும் வெடித்தவை, டைக்கோ பிராஹே 1572-ல் கண்டது, கெப்ளர் 1604-ல் கண்டது, அப்புறம் கசியோப்பியா ஏ. நான் கடைசியாகச் சொன்னதைத்தான் பரிந்துரைப்பேன். தூரம் சுமார் 11,000 ஒளியாண்டு, வயது சுமார் 350. வானத்தில் அதன் அகலம் நிலவின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. 1948-ல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைலும் கிரஹாம் ஸ்மித்தும் இதை ரேடியோ மூலமாகக் கண்டறிந்தார்கள். வெடித்தபோது யாரும் தெளிவாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1680-ல் ஜான் ஃபிளாம்ஸ்டீட் குறித்துவைத்த ஒரு மங்கலான விண்மீன் இதுதானா என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

2. இரண்டு வகை வெடிப்புகளை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

தரவைத் திறக்கும் முன் எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். வெடிப்புகள் அடிப்படையில் இரண்டு வகை.

ஒன்று, சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீனின் மையம் இடிந்து விழுவது. மையத்தில் இரும்பு சேர்ந்ததும் அதற்கு மேல் இணைவில் ஆற்றல் கிடைக்காது. மையம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் சரிந்து, மிக அடர்ந்த சிறு பந்தான நியூட்ரான் விண்மீனாகவோ கருந்துளையாகவோ மாறும். மேல் அடுக்குகள் வெளியே எறியப்படும். இப்படிப்பட்ட எச்சத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், இரும்பு ஒப்பீட்டளவில் கொஞ்சம். நடுவில் ஒரு நியூட்ரான் விண்மீன் கிடைத்தால் வகையைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம்.

மற்றொன்று, வெண்குள்ளன் ஒன்று, அதாவது எரிபொருள் தீர்ந்த விண்மீனின் அடர்ந்த எஞ்சிய மையம், அணுக்கரு எரிப்பால் முழுவதுமாகச் சிதறிப்போவது. இதை ஒன்று-ஏ வகை என்பார்கள். வெண்குள்ளன் தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அது சூரியனின் 1.4 மடங்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகர், 19 வயதில், அந்தப் பயணத்திலேயே இந்தக் கணக்கைப் போடத் தொடங்கினார். நாம் பயன்படுத்தப்போகும் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்கு சந்திரா என்ற பெயர் அவரால்தான் வந்தது. இந்த வகை வெடிப்பு சூரியனின் நிறையில் பாதிக்கு மேல் கதிரியக்க நிக்கலை உருவாக்கும். அது கோபால்ட்டாகி, பிறகு இரும்பாகும். நடுவில் எதுவும் மிஞ்சாது.

இரண்டு வகையிலும் வெளிவரும் பொருளின் இயக்க ஆற்றல் சுமார் 10-ன் அடுக்கு 44 ஜூல். சூரியன் தன் முழு ஆயுளில் ஒளியாக வெளியிடும் ஆற்றல் ஏறத்தாழ இவ்வளவுதான். மைய இடிவில் இதைப்போல் நூறு மடங்கு ஆற்றல், எதிலும் எளிதில் மோதாத நியூட்ரினோ என்ற நுண்துகள்களாகவும் போய்விடுகிறது.

3. எது ஒளிர்கிறது, எது ஒளிரவில்லை

வீசப்பட்ட பொருள் சுற்றியிருக்கும் வாயுவைத் தள்ளிக்கொண்டு போகிறது. அதற்கு முன்னால் ஓர் அதிர்ச்சி அலை வெளியே ஓடுகிறது. வாரிய வாயு திருப்பித் தள்ளுவதால் இன்னொரு அதிர்ச்சி அலை, வீசப்பட்ட பொருளுக்குள்ளேயே, மையத்தை நோக்கி ஊடுருவுகிறது. இதை எதிர் அதிர்ச்சி அலை என்பார்கள். அது தொட்ட பொருள்தான் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாகி எக்ஸ்-கதிரில் ஒளிர்கிறது.

இதன் விளைவை நன்றாகப் பதியவைத்துக்கொள்ளுங்கள். எதிர் அலை இன்னும் போய்ச் சேராத உள்பகுதி குளிர்ந்தே கிடக்கிறது, எக்ஸ்-கதிர்ப் படத்தில் அது தெரியாது. கசியோப்பியா ஏ-வின் நடுப்பகுதி வெறுமையாகத் தெரிவதைப் பார்த்து அங்கே பொருளே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. நிறையப் பேர் விழும் முதல் குழி இது.

4. தரவை எடுத்துத் திறங்கள்

சந்திரா விண்கலம் 1999 ஜூலையில் ஏவப்பட்டது. அடுத்த மாதமே வெளியான அதன் முதல் படம் கசியோப்பியா ஏ-வைத்தான் காட்டியது. நடுவில் அதுவரை யாரும் கண்டிராத ஒரு சிறிய புள்ளியும் அதில் இருந்தது, அதுதான் இந்த எச்சத்தின் நியூட்ரான் விண்மீன். அதன் பிறகு இந்த எச்சத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்திருக்கிறார்கள். 2000-ன் தொடக்கத்தில் எடுத்தது சுமார் 50,000 வினாடி. 2004-ல் மட்டும் மொத்தம் 10 லட்சம் வினாடி.

சந்திராவின் தரவுக் காப்பகத்தில் எச்சத்தின் பெயரைக் கொடுத்துத் தேடி, ஏசிஸ் என்ற அதன் படக்கருவி எடுத்த நோக்குகளில் 2000-ல் ஒன்று, 2004-ல் ஒன்று, 2019-ல் ஒன்று இறக்கிக்கொள்ளுங்கள். ஃபிட்ஸ் வடிவக் கோப்புகளாக வரும். திறக்க டிஎஸ்9 என்ற இலவச மென்பொருள் போதும். நிறமாலை எடுக்கும் கட்டத்துக்கு வந்ததும் சியாவோ என்ற தொகுப்பையும் நிறுவ வேண்டும். அது லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். விண்டோஸ்காரர்கள் உள்ளே லினக்ஸைப் போட்டுக்கொண்டு ஓட்டலாம்.

இந்தக் கோப்பு சாதாரணப் புகைப்படம் போன்றதில்லை. உள்ளே ஒரு நீண்ட அட்டவணை இருக்கிறது. வந்து விழுந்த ஒவ்வொரு எக்ஸ்-கதிர்த் துகளுக்கும் ஒரு வரி: எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, எவ்வளவு ஆற்றலோடு வந்தது. அதனால் ஒரே கோப்பிலிருந்து வெவ்வேறு தனிமங்களின் படங்களைப் பிரித்தெடுக்கலாம். திறந்ததும் ஸ்கேலை லாக் என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் சில பிரகாசமான முடிச்சுகள் மட்டுமே தெரியும்.

5. ஆற்றல் வாரியாகப் பிரியுங்கள்

இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். இந்தப் பயிற்சியின் பாதிப் பலன் இங்கேதான் இருக்கிறது.

டிஎஸ்9-ல் பின் மெனுவுக்குள் ஃபில்டர் கொடுக்க ஓர் இடம் உண்டு. அங்கே ஆற்றல் எல்லையைக் கொடுத்தால் அந்த எல்லைக்குள் வந்த துகள்கள் மட்டும் படமாகும். சந்திரா கோப்பில் ஆற்றல் எலெக்ட்ரான் வோல்ட் அலகில் இருக்கும். கட்டுரைகளிலோ கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் எழுதுவார்கள். ஆயிரத்தால் பெருக்க மறந்தால் வெற்றுப் படம்தான் வரும்.

முதலில் சிலிக்கான். அதன் வலுவான நிறமாலைக் கோடு 1.86 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் பக்கம் இருக்கிறது, எனவே 1,750 முதல் 1,950 வரை கொடுங்கள். உடைந்த வளையம் ஒன்று எழும்பி வரும். வடகிழக்கில் அந்த வளையத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு பீச்சு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அதற்கு எதிரே தென்மேற்கிலும் மங்கலாக ஒன்று உண்டு.

அடுத்து இரும்பு. 6,300 முதல் 6,900 வரை. துகள்கள் குறைவு என்பதால் படம் புள்ளி புள்ளியாக வரும். 2004-ன் நீண்ட நோக்கைப் பயன்படுத்தி, ஸ்மூத் வசதியைக் கொஞ்சம் கூட்டினால் தெளியும். இரும்பு வளையம் முழுவதும் பரவி இல்லாமல் தென்கிழக்கு, வடக்கு, மேற்கு என்று மூன்று இடங்களில் திட்டுத் திட்டாகக் கிடக்கும்.

மூன்றாவதாக 4,200 முதல் 6,000 வரை. இந்த இடைவெளியில் வலுவான கோடு எதுவும் இல்லை. இங்கே எச்சத்தின் வெளிவிளிம்பில் மெல்லிய இழைகள் தெரியும். அதிர்ச்சி அலையில் ஒளிவேகத்தை நெருங்கும் அளவுக்கு முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழல்வதால் வரும் ஒளி அது. வெளி அலை இப்போது எங்கே நிற்கிறது என்பதை அந்த இழைகள் அடையாளம் காட்டும். சிலிக்கான், இரும்புப் படங்களிலும் இந்தப் பின்னணி ஓரளவு கலந்திருக்கும். சரியாகச் செய்ய விரும்பினால் அதைக் கழித்துவிட வேண்டும்.

சரி, மூன்றையும் மூன்று நிறமாக ஒரே சட்டகத்தில் அடுக்குங்கள், டிஎஸ்9-ல் அதற்கு ஆர்ஜிபி ஃபிரேம் என்று பெயர். இப்போது தென்கிழக்கு ஓரத்தைப் பாருங்கள். இரும்பு சிலிக்கானுக்கு வெளியே இருக்கிறது.

இங்கே சற்று நில்லுங்கள். வெடிக்கும் முன் அந்த விண்மீனில் கனமான தனிமங்கள் ஆழத்தில் இருந்தன. இரும்பு உருவாவது மையத்துக்குப் பக்கத்தில், சிலிக்கான் அதற்கு மேலே, ஆக்சிஜன் அதற்கும் மேலே. எல்லாம் உருண்டையாக, ஒழுங்காக வெளியே வந்திருந்தால் அந்த வரிசை மாறியிருக்காது. தென்கிழக்கிலோ அடியில் இருந்தது மேல் அடுக்கை முந்திக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. 2000-ல் சந்திராவின் ஆரம்பத் தரவிலேயே இதைக் கண்டார்கள். வெடிப்பு தொடங்கிய முதல் சில நொடிகளில் உள்ளே ஏதோ தலைகீழாகப் புரண்டது என்பதற்கு உங்கள் திரையில் இருக்கும் இந்தப் படமே ஆதாரம். வெளியே இருக்கும் வாயு ஓர் எச்சத்தை நசுக்கலாம், தாமதப்படுத்தலாம், ஒரு பக்கத்தைப் பிரகாசமாக்கலாம். இரும்பைத் தூக்கிச் சிலிக்கானுக்கு வெளியே வைக்க அதனால் முடியாது.

படத்தில் வரும் நிறங்கள் நாமே கொடுத்தவை. ஓர் இடம் பிரகாசமாக இருப்பதற்கு அங்கே அந்தத் தனிமம் அதிகம் என்பது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. அடர்த்தியும் வெப்பமும் கூடினாலும் பிரகாசம் கூடும். படத்தைக் கொண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லலாம். எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல நிறமாலையை எடுத்து மாதிரியோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

6. நகர்வை அளந்து பாருங்கள்

350 வயதான எச்சம் ஒரு மனித வாழ்நாளுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிதாகிறது. இதை நீங்களே அளக்கலாம்.

2000, 2019 படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-க்கும் 2004-க்கும் இடையில் அளக்க ஆசை வரும், வேண்டாம். நான்கு ஆண்டுகளில் விளிம்பு நகரும் தூரம் சுமார் ஒரு வில்நொடி, அதாவது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு. சந்திரா தன் திசையை அறிவதில் உள்ள பிழையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பத்தொன்பது ஆண்டு இடைவெளி என்றால் நகர்வு பிழையைத் தாண்டி நிற்கும். இரண்டு படங்களையும் நடுவிலிருக்கும் நியூட்ரான் விண்மீனை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். அதுவும் நகர்கிறதுதான், ஆனால் 19 ஆண்டில் அரை வில்நொடிக்கும் குறைவு.

2019 படம் குறைந்த ஆற்றலில் மங்கலாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். சந்திராவின் கருவிக்கு முன்னுள்ள வடிகட்டியில் ஆண்டுகள் போகப்போக ஒரு படலம் படிந்து வருகிறது. எச்சம் அவ்வளவு மங்கிவிடவில்லை. அதனால்தான் நகர்வை அளக்க 4,200 முதல் 6,000 வரையிலான படத்தைப் பயன்படுத்தச் சொல்கிறேன்.

விளிம்பின் ஓர் இழையைத் தேர்ந்தெடுத்து, மையத்திலிருந்து அதன் வழியாக ஒரு கோடு போட்டு, இரண்டு ஆண்டுகளிலும் பிரகாசம் எங்கே உச்சம் தொடுகிறது என்று பாருங்கள். இடத்துக்கு இடம் மாறினாலும் பொதுவாகப் பதினொரு பிக்சல் பக்கம் நகர்ந்திருக்கும். ஒரு பிக்சல் ஏறத்தாழ அரை வில்நொடி. ஆக, ஆண்டுக்குச் சுமார் 0.3 வில்நொடி.

இதை வேகமாக மாற்றும் சூத்திரம் எளிது. ஆண்டுக்கான வில்நொடியை பார்செக்கில் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) உள்ள தூரத்தாலும் 4.74-ஆலும் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். கசியோப்பியா ஏ-வின் தூரம் 3,400 பார்செக். 0.3 × 3,400 × 4.74 என்பது வினாடிக்குச் சுமார் 4,800 கிலோமீட்டர்.

இப்போது வயதைக் கணக்கிடுங்கள். மையத்திலிருந்து விளிம்பு சுமார் 153 வில்நொடி தள்ளி இருக்கிறது. 0.3-ஆல் வகுத்தால் 510 ஆண்டு. ஆனால் உண்மையான வயது 350-க்குள். கணக்கு தப்பில்லை, விளிம்பின் வேகம் வழியில் குறைந்திருக்கிறது. முன்பு இதைவிட வேகமாக ஓடியிருக்கிறது.

எவ்வளவு குறைந்தது என்பதிலும் செய்தி இருக்கிறது. உண்மையான வயதை இந்தக் கணக்கு வயதால் வகுத்தால், 340-ஐ 510-ஆல், 0.67 வருகிறது. எந்தத் தடையும் இல்லாமல் ஓடினால் இது 1. சீரான வாயுவுக்குள் நெடுங்காலம் ஓடிய எச்சத்துக்கு 0.4. விண்மீன் வெடிக்கும் முன் தானே ஊதிவிட்ட காற்றுக்குள், அதாவது வெளியே போகப்போக அடர்த்தி குறையும் வாயுவுக்குள், ஓடினால் 0.67-ஐ ஒட்டி வரும். கசியோப்பியா ஏ-வின் தாய் விண்மீன் இறப்பதற்கு முன் தன் உடலின் பெரும்பகுதியைக் காற்றாக இழந்திருந்தது என்ற முடிவோடு இது ஒத்துப்போகிறது. இந்த ஒரு எண் மட்டும் போதிய நிரூபணம் ஆகாது. ஆனால் இரண்டு படங்களையும் ஓர் அளவுகோலையும் வைத்து இவ்வளவு தூரம் வர முடிகிறது.

அப்படியானால் 350 என்ற வயது எங்கிருந்து வந்தது? வெளியே தெறித்து ஓடும் சிறு முடிச்சுகள் உண்டு. அடர்த்தி மிகுந்தவை, தடையை அதிகம் மதிக்காதவை. அவற்றின் பாதைகளைப் பின்னோக்கி நீட்டினால் எல்லாம் 1670-களில் ஏறத்தாழ ஒரே இடத்தில் கூடுகின்றன.

இதே கணக்கை நண்டு நெபுலாவுக்குப் போட்டுப் பார்ப்பது நல்ல பாடம். அது 1054-ல் வெடித்ததைச் சீன வானியலாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதன் இழைகளைப் பின்னோக்கி நீட்டினால் 1130-ஐ ஒட்டி வருகிறது. வெடித்த பிறகு எழுபது எண்பது ஆண்டு கழித்துப் பிறந்ததாக! நடுவில் வினாடிக்கு முப்பது முறை சுழலும் நியூட்ரான் விண்மீன் (இப்படித் துடிப்பதைப் பல்சார் என்பார்கள்) வீசும் காற்று, இழைகளை உள்ளிருந்து தள்ளி வேகப்படுத்திக்கொண்டிருக்கிறது. ஒன்று வேகம் குறைகிறது, மற்றொன்று வேகம் கூடுகிறது. எச்சத்தின் அளவை வேகத்தால் வகுத்ததும் வயது தெரிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

7. மூன்றாவது பரிமாணம்

படம் தட்டையானது, வெடிப்பு அப்படியில்லை. நம்மை நோக்கி வருவது எது, விலகிப்போவது எது என்று டாப்ளர் விலகலால் அறியலாம். வினாடிக்கு 5,000 கிலோமீட்டர் என்பது ஒளிவேகத்தில் அறுபதில் ஒரு பங்கு. 1.86 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் உள்ள சிலிக்கான் கோடு அதனால் 31 எலெக்ட்ரான் வோல்ட் நகரும். ஏசிஸ் கருவியில் ஒரு கோட்டின் அகலமே 100 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். ஆனாலும் துகள்கள் போதுமான அளவு இருந்தால் கோட்டின் நடுப்புள்ளியை அகலத்தைவிட நன்றாகக் கணிக்கலாம். டிஎஸ்9-ல் தென்கிழக்கில் ஒரு ரீஜன், வடமேற்கில் ஒரு ரீஜன் வரைந்து, சியாவோவில் இரண்டுக்கும் நிறமாலை எடுத்து ஒப்பிடுங்கள். தென்கிழக்குப் பக்கம் நம்மை நோக்கி வருவதும் வடமேற்குப் பக்கம் விலகுவதும் தெரியும். வெப்பநிலை மாறினாலும் கோடு சற்று நகரும் என்பதால், ஒரு கோட்டை மட்டும் நம்பாமல் கந்தகக் கோட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கட்புல ஒளியிலும் அகச்சிவப்பிலும் இதை இன்னும் துல்லியமாகச் செய்து எச்சத்தின் முப்பரிமாண வடிவத்தையே கட்டியிருக்கிறார்கள். உள்ளே பெரிய குமிழிகள் இருப்பதாக 2015-ல் தெரிந்தது. பிரகாசமான வளையங்கள் அந்தக் குமிழிகளின் ஓரங்கள். கதிரியக்க நிக்கல் திரள்கள் சிதைந்து சூடாகி, சுற்றியிருந்த பொருளை ஊதித் தள்ளியதால் அவை உண்டாகியிருக்கலாம் என்பது விளக்கம்.

8. எக்ஸ்-கதிர்ப் படம் காட்டாததைத் தேடுங்கள்

எதிர் அலை தொடாத உள்பகுதியை எப்படிப் பார்ப்பது? டைட்டேனியம்-44 கைகொடுக்கிறது. அது ஒளிர அதிர்ச்சி அலை தேவையில்லை, தானே சிதைந்து 68, 78 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் கதிர் வீசும். சூடோ குளிரோ, எங்கே இருக்கிறதோ அங்கே தெரியும். அதன் அரை ஆயுள் சுமார் 60 ஆண்டு. கசியோப்பியா ஏ-வில் உருவானதில் இன்று நூற்றில் இரண்டு பங்குதான் மிச்சம். அந்த மிச்சத்தை, 2012-ல் ஏவப்பட்ட நுஸ்டார் தொலைநோக்கி படமாக்கியது. 2014-ல் வெளியான அந்த வரைபடத்தைத்தான் இந்தத் துறையின் மிக முக்கியமான படமாக நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் டைட்டேனியம்-44 உருவாவது வெடிப்பின் அடிவாரத்தில், நியூட்ரான் விண்மீனுக்கு மிக அருகில். வெடிப்பின் எஞ்சின் எப்படி வேலை செய்தது என்பதற்கு அதைவிடக் கிட்டத்தில் நின்ற சாட்சி இல்லை.

எஞ்சின் பற்றிய சிக்கல் பழையது. மையம் சரிந்து, கெட்டியாகி, மேலிருந்து விழும் பொருள் அதில் மோதித் திரும்பும்போது ஓர் அதிர்ச்சி அலை கிளம்புகிறது. ஆனால் கணினி மாதிரிகளில் அது நூறு, இருநூறு கிலோமீட்டர் போனதும் நின்றுவிடுகிறது. அதற்கு மறுபடி உயிர் கொடுப்பது எது? நியூட்ரினோக்களில் ஒரு சிறு பங்கு அங்குள்ள பொருளைச் சூடாக்கி, உலை கொதிப்பதுபோல் அதைப் புரட்டி, ஒரு பக்கமாகத் ததும்பவைத்துக் கடைசியில் வெடிக்கச் செய்கிறது என்பது ஒரு கருத்து. வேகமாகச் சுழலும் மையம் இரு எதிர்த் திசைகளில் பீச்சுகளை அனுப்பி வெடிக்கச் செய்தது என்பது இன்னொன்று. சிலிக்கான் படத்தில் நாம் பார்த்த வடகிழக்குப் பீச்சு இரண்டாவது கருத்துக்குச் சாதகம் போலத்தான் தெரியும்.

டைட்டேனியம் வேறு கதை சொல்கிறது. அது பீச்சுகளின் திசையில் வரிசையாக நிற்கவில்லை. சீரான உருண்டையாகவும் இல்லை. சில பெரிய திரள்களாகக் கோணல்மாணலாகக் கிடக்கிறது. கொதித்து ஒரு பக்கமாகத் ததும்பிய வெடிப்பிலிருந்து எதிர்பார்க்கக்கூடியது இதுதான். எக்ஸ்-கதிரில் தெரியும் இரும்போடும் அது பெரும்பாலும் பொருந்தவில்லை. நிறைய இரும்பு இன்னும் குளிர்ந்த உள்பகுதியிலேயே கிடக்கிறதா என்பது அதிலிருந்து எழுந்த கேள்வி.

அகச்சிவப்பில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023-ல் எடுத்த படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பச்சை நிறத்தில் காட்டப்பட்ட, வட்ட வட்டத் துளைகள் நிறைந்த ஒரு திரை எச்சத்தின் முன்பக்கம் தெரியும். முதலில் அதை எப்படிப் புரிந்துகொள்வது என்றே தெரியவில்லை. பிறகு அது வெடிப்பதற்கு முன்பே விண்மீன் உதிர்த்த பொருள் என்றும், வெடிப்பில் தெறித்த துண்டுகள் அதைத் துளைத்திருக்கின்றன என்றும் தெரிந்தது. நம் அடிப்படைக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை: திரை சுற்றுப்புறத்தைச் சேர்ந்தது, துளைகள் வெடிப்பின் வேலை.

9. நடுவிலிருக்கும் புள்ளி

முடிச்சுகளின் பாதைகள் கூடும் இடத்துக்கும் நியூட்ரான் விண்மீன் இன்று இருக்கும் இடத்துக்கும் சுமார் 7 வில்நொடி இடைவெளி. 340 ஆண்டால் வகுத்து, அதே சூத்திரத்தில் போட்டால் வினாடிக்கு 330 கிலோமீட்டர் வரும். வெடிப்பு அந்த நியூட்ரான் விண்மீனை உதைத்துத் தள்ளியிருக்கிறது. உந்தம் மாறாது என்ற பள்ளிப்பாடத்தின்படி, அதிகப் பொருள் எதிர்த்திசையில் போயிருக்க வேண்டும். டைட்டேனியத்தின் பெரும்பகுதி அப்படித்தான் போயிருக்கிறது. வேறு சில எச்சங்களிலும் நியூட்ரான் விண்மீன்கள் கனமான தனிமங்களுக்கு எதிர்த்திசையில் ஓடுவது தெரியவந்திருக்கிறது.

10. ஒளி எதிரொலியால் சரிபாருங்கள்

வெடித்த அன்று கிளம்பிய ஒளியில் ஒரு பகுதி வேறு திசையில் போய், தூசிமேகங்களில் பட்டுத் திரும்பி, மூன்று நூற்றாண்டு தாமதமாக நம்மிடம் வருகிறது. 2008-ல் சுபாரு தொலைநோக்கியால் அந்த எதிரொலியின் நிறமாலையை எடுத்தார்கள். யாரும் பார்க்காமல் போன வெடிப்பு, அது நடந்தபோதிருந்த ஒளியிலேயே படிக்கப்பட்டது. அது இரண்டு-பி வகை. ஹைட்ரஜன் உறையைப் பெரும்பாலும் இழந்துவிட்ட விண்மீனின் மைய இடிவு. வெவ்வேறு திசைகளில் உள்ள தூசிமேகங்கள் அதே வெடிப்பை வெவ்வேறு பக்கங்களிலிருந்து காட்டுகின்றன. 2011-ல் அப்படி ஒப்பிட்டபோது, ஒரு பக்கம் மற்றப் பக்கங்களைவிட வினாடிக்கு 4,000 கிலோமீட்டர் வேகமாக வெளியேறியது தெரிந்தது. அந்தப் பக்கம், நியூட்ரான் விண்மீன் ஓடும் திசைக்கு ஏறத்தாழ எதிர்.

விண்மீன் ஏன் ஹைட்ரஜனை இழந்தது என்பது இன்னும் திறந்த கேள்வி. துணை விண்மீன் ஒன்று உறிஞ்சியிருக்கும் என்பது வழக்கமான விடை. ஆனால் தேடியவர்களுக்கு அங்கே துணை எதுவும் கிடைக்கவில்லை.

11. அடுத்து டைக்கோ, அப்புறம் கெப்ளர்

கசியோப்பியா ஏ கைவந்ததும் டைக்கோ எச்சத்தை எடுத்து ஐந்தாம் படியை அப்படியே திரும்பச் செய்யுங்கள். சிலிக்கான் படம் எவ்வளவு உருண்டையாக வருகிறது என்று ஒப்பிடுங்கள். ஒன்று-ஏ வகை எச்சங்கள் பொதுவாக மைய இடிவு எச்சங்களைவிட உருண்டையானவை. அதோடு இரும்புக் கோட்டின் நடுப்புள்ளியையும் அளவிடுங்கள். கசியோப்பியா ஏ-வில் அது 6.6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் பக்கம் வரும், டைக்கோவில் 6.43-ஐ ஒட்டி வரும். பல எச்சங்களை ஒப்பிட்டு 2014-ல் வெளியான ஆய்வில் 6.55 என்பது நல்ல எல்லைக்கோடாக அமைந்தது. மைய இடிவு எச்சங்கள் அதற்கு மேலே, ஒன்று-ஏ வகை கீழே. அடர்ந்த சூழலில் ஓடும் எச்சத்தில் இரும்பு அணுக்கள் அதிக எலெக்ட்ரான்களை இழந்திருக்கும், அதனால் கோடு மேலே போகும். அதாவது இந்தக் கோடு வகையைப் பிரித்துக் காட்டுவது பெருமளவு சுற்றுப்புறத்தின் வழியாகத்தான்.

கெப்ளரின் எச்சத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு நிறைய, நடுவில் எதுவும் இல்லை, ஒன்று-ஏ வகை என்று எல்லாரும் ஏற்கிறார்கள். ஆனால் அதன் வடபக்கம் அடர்ந்த, நைட்ரஜன் மிகுந்த வாயுவில் மோதிப் பிரகாசமாக எரிகிறது. வெண்குள்ளனுக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட வாயுவைக் கொட்டிய இன்னொரு விண்மீன் இருந்திருக்க வேண்டும். வடக்கு விளிம்பில் ஒரு ரீஜன், தெற்கு விளிம்பில் ஒரு ரீஜன் போட்டு, ஆறாம் படியில் செய்ததுபோல் இரண்டின் வேகத்தையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். எந்தப் பக்கம் மெதுவாக ஓடுகிறது என்பதை வைத்து, அந்த வாயு எங்கே அதிகம் குவிந்திருந்தது என்று நீங்களே சொல்லிவிடலாம்.